விழுந்த நேரம்

என் தாய்மாமா சென்னியப்பனுக்கு அநியாயம் நடந்துவிட்டது, அக்கா. முதுகெலும்பு உடைந்து கிடந்த மனிதருக்கு ஓர் ஊசி மருந்து போட்டார்கள். போட்டதற்குப் பணம் வாங்கினார்கள். வாங்கி முடித்த பிறகு, அது போட்டிருக்கவே கூடாத நேரத்தில் போட்ட ஊசி என்று அவர்களே எழுதியும் கொடுத்தார்கள். நீங்களே சொல்லுங்க, உங்கள் கிரைண்டர்காரன் இவ்வளவு தூரம் போனானா?

இல்லை இல்லை, உங்கள் வழக்கைக் குறைத்துப் பேசவில்லை. கல் உடைந்த கிரைண்டரை வைத்துக்கொண்டு எட்டு மாதம் அலைவது சாதாரண விஷயமா? ஆனால் புதுக் கல் கொடுத்தால் உங்களுக்குத் தீர்ந்தது. என் மாமாவுக்கு யார் புது முதுகு கொடுப்பார்கள்? சரி, வாதத்துக்காகச் சொன்னேன். உட்காருங்க.

இன்றைக்கு ஐந்து மணிக்குள் என் மனு பதிவாக வேண்டும். பில் போட்ட நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் இந்த நுகர்வோர் கோர்ட்டில் கொடுத்தால் உண்டு, தவறினால் அவ்வளவுதான். அந்த இரண்டு வருஷம் இன்றோடு முடிகிறது. கடைசி நாள் வரைக்கும் என்ன செய்தாய் என்று கேட்காதீங்க. திருத்திக்கொண்டிருந்தேன். நாற்பத்தாறு பக்கம் அக்கா, அடிக்குறிப்பு தனி. உள்ளே பதிவு மேசையில் கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் இருக்கிறாரே, அவர் நாற்பத்தாறு பக்கத்தையும் நோட்டு எண்ணுகிற மாதிரி விரலால் தள்ளிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கோகிலவாணி, ஆஸ்பத்திரிப் பதிவேட்டுல விழுந்த நேரம் ஏழே முக்கால்னு இருக்கு. நீ ஒம்பது நாப்பதுன்னு எழுதியிருக்க. எதும்மா சரி?"

"ஒன்பது நாற்பதுதான் மேடம். பதினெட்டாம் பக்கத்திலிருந்து இருபத்தைந்தாம் பக்கம் வரைக்கும் நிரூபித்திருக்கிறேன்."

"நீ நிரூபிச்சது இருக்கட்டும். விழுந்தவரு நீ இல்லையே? அவரு கைப்பட ரெண்டு வரி எழுதித் தரட்டும். போன்ல போட்டோவா வந்தாலும் இன்னைக்கு வாங்கிக்கறேன், அசலை நாளைக்குக் குடு."

இரண்டு வரி! எட்டுப் பக்க நிரூபணத்துக்கு மேல் இரண்டு வரி! சரி, கேட்டுவிட்டார். மாமா சங்ககிரியில் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் அவருக்கு விவரமாகப் பேசி அனுப்பியிருக்கிறேன். என்ன எழுத வேண்டும், எந்தப் பேனாவில் எழுத வேண்டும், ஒன்பது நாற்பதை எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும் என்பது வரைக்கும். ஏழு முறை அனுப்பிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார், நீல டிக் விழுந்திருக்கிறது. பதில்தான் இல்லை. அது வரும் வரைக்கும் இந்த பெஞ்சுதான்.

மாமா இருபது வருஷம் அடுத்தவர் லாரியை ஓட்டினார். பிறகு அத்தையின் நகை, பாங்க் கடன், கொஞ்சம் வெளிக்கடன் எல்லாம் சேர்த்துச் சொந்தமாக ஒரு வண்டி எடுத்தார். சங்ககிரிப் பட்டறையில் பாடி கட்டி, பெயின்ட் அடித்து, முகப்பில் அத்தை பெயரை எழுதி, பூஜைக்கு ஒரு திங்கட்கிழமை குறித்தார்கள். நேரம் பார்த்துக் கொடுத்தது என் அப்பா குழந்தைவேலு. அப்பா ஜோசியர் இல்லை, டயர் ரீட்ரேடிங் கடை வைத்திருக்கிறார். ஆனால் தினசரி காலண்டரை அவர் படிக்கிற மாதிரி நான் என் புள்ளியியல் பாடத்தைக்கூடப் படித்ததில்லை. எங்கள் ஊரில் வண்டி எடுக்கிறவர்களில் பாதிப் பேர் அப்பா சொன்ன நேரத்தில்தான் சாவி போடுவார்கள். காசு வாங்க மாட்டார். மரியாதைக்காகச் செய்வார். அது காசைவிட மோசம் அக்கா, ஒருநாளும் விட முடியாது.

அன்றைக்கு நல்ல நேரம் ஒன்பதே கால் முதல் பத்தே கால் வரை. மாமா பெரிய ரோஜா மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு கேபின் மேல் ஏறினார். ஒன்பது நாற்பதுக்கு மல்லாந்து தரையில் விழுந்தார். நாற்பது பேர் பார்த்தார்கள். இரண்டு பேர் வீடியோ எடுத்தார்கள்.

சேலத்துக்குக் கொண்டு போனார்கள். ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி, பெயர் மனுவில் இருக்கிறது, வாயால் சொல்ல மாட்டேன். அவசரப் பிரிவில் சின்ன டாக்டர் பதிவேட்டைத் திறந்து எத்தனை மணிக்கு விழுந்தார் என்று கேட்டிருக்கிறார். அப்பா யோசித்திருக்கிறார். ஒன்பது நாற்பது என்று சொன்னால் அது அவர் குறித்துக் கொடுத்த நேரம். நல்ல நேரத்தில் ஒருவன் முதுகை உடைத்துக்கொண்டான் என்று அரசாங்கம் பார்க்கிற பதிவேட்டில் ஏறிவிட்டால் அப்புறம் அவர் காலண்டருக்கு என்ன மதிப்பு? திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். கூசாமல் சொன்னார்: "ஏழே முக்காலுங்க டாக்டரே. ராகு காலத்துல ஏறாத மாப்ளன்னு தலபாடா அடிச்சுக்கிட்டனுங்க. கேக்கோணுமல்ல?"

எழுதிவிட்டார்கள். கூட வந்திருந்த நான்கு லாரி ஓனர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார்கள். நான்கு பேரும் அப்பா பார்த்துக் கொடுத்த நேரத்தில் வண்டி எடுத்தவர்கள். அவர்கள் வண்டிக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டுமே!

நான் அப்போது கோயம்புத்தூரில் எம்.எஸ்ஸி. முதல் வருஷம். தகவல் கிடைத்து, பஸ் ஏறி, மூன்றரை மணிக்குச் சேலம் வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் போனில் படித்துக்கொண்டே வந்தேன். தண்டுவடத்தில் அடிபட்டால் எட்டு மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மருந்தை நரம்பில் ஏற்ற வேண்டும், முதலில் கால் மணி நேரம், பிறகு இருபத்து மூன்று மணி நேரம் விடாமல் ஏற்ற வேண்டும் என்று ஒரு பழைய ஆய்வு. பஸ் பவானியைத் தாண்டுவதற்குள் எனக்கு முழுவதும் மனப்பாடம். வந்து இறங்கிப் பார்க்கிறேன், குளுக்கோஸ் மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது! எனக்கு எப்படி இருக்கும்?

நான்கு மணிக்கு நரம்பு அறுவை டாக்டர் ஜெயசீலன் ஸ்கேன் படங்களோடு வந்தார். ஸ்டீராய்டு ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

"ஒரு காலத்துல எல்லாருக்கும் போட்டோம்மா. அப்புறம் பாத்தா பலன் சந்தேகம், தொந்தரவு மட்டும் நிச்சயம். சர்க்கரை எகிறும், வயித்துல ரத்தம் கசியும், நெஞ்சுல கிருமி பிடிக்கும். இப்ப வழக்கமா யாரும் போடறதில்ல. அதுவும் போக, எட்டு மணி நேரம்ங்கற கணக்கே இவருக்கு மூணே முக்காலோட முடிஞ்சுபோச்சு."

கவனியுங்க அக்கா. நிறையக் காரணம் சொன்னார். மற்றதையெல்லாம் விட்டுவிட்டுக் கடைசியைப் பிடித்தேன். விவாதத்தில் அதுதான் முறை. எது ஆட்டம் காண்கிறதோ அதைப் பிடித்து உலுக்க வேண்டும். "விழுந்தது ஏழே முக்கால் இல்லை சார், ஒன்பது நாற்பது. ஐந்து நாற்பது வரைக்கும் நேரம் இருக்கிறது" என்றேன். பஸ்ஸில் வரும்போதே எனக்கு அனுப்பியிருந்த வீடியோவைக் காட்டினேன். நேரம் பளிச்சென்று இருக்கிறது.

அப்பா எட்டிப் பார்த்தார். "செல்போனு தப்பா ஓடியிருக்கும். அந்தப் பட்டறையில டவரே கெடைக்காது."

"டவருக்கும் கடிகாரத்துக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"அது உன்ற போனக் கேளு."

இப்படி ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் நடந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், நர்ஸ் ஒருவர் கோப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், நடுவில் டாக்டர். அத்தை கலாமணி மட்டும் இடையில் ஒருமுறை வெளியே வந்து, "ஊசி போட்டாப் போடுங்கோ, போடாட்டிப் போங்கோ. அவருக்குக் காது குளுருதாமா, அந்த ஏசியக் கொஞ்சம் கொறைங்கோ" என்றார். பாவம், அத்தைக்குப் பிரச்சினையின் மையம் புரியவில்லை.

ஒரு கட்டத்தில் டாக்டர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தார். "முழிச்சுட்டுத்தான இருக்காரு? அவரையே கேட்டுடலாமே, எப்ப விழுந்தீங்கன்னு."

நான் விடவில்லை. அதிர்ச்சியில் இருப்பவருடைய சாட்சியம் நம்பத் தகுந்ததல்ல. அப்பாவும் விடவில்லை: "அவன் என்னைக்குங்க நேரம் பாத்திருக்கறான்?" அன்றைக்கு அப்பாவும் நானும் ஒத்துப்போன முதல் இடம் அதுதான்.

இரண்டாவது இடம் இன்னும் வேடிக்கை. ஐந்து மணி நெருங்கும்போது அப்பா திடீரென்று என் கட்சிக்கு வந்துவிட்டார். ஏன் தெரியுமா? சாயங்கால நல்ல நேரம் நாலே முக்காலிலிருந்து ஐந்தே முக்கால். "போடறதுன்னா இப்பப் போட்டுருங்க டாக்டரே, நல்ல நேரம் ஓடிட்டிருக்குது."

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "சார், நீங்க சொன்ன நேரப்படி பாத்தா எட்டு மணி நேரம் எப்பவோ போயிடுச்சு!"

"அது உளுந்த கணக்குங்க. இது ஊசிக் கணக்கு."

அறிவியலும் காலண்டரும் ஒரே பக்கம் நின்றால் ஒரு மனிதர் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார்? போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள், நான் போகிற இடமெல்லாம் காட்டுகிறேன் என்றும் சொன்னேன். மிரட்டவில்லை அக்கா, தகவலாகச் சொன்னேன். கடைசியில் டாக்டர் ஒரு படிவத்தை நீட்டினார். விளைவுகளைத் தெரிந்துகொண்டே, உறவினர் கேட்டுக்கொண்டதால் போடப்படுகிறது என்று அச்சடித்திருந்தது. "கீழ ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார். கையெழுத்து மட்டும் போட நான் என்ன ரப்பர் ஸ்டாம்பா? பின்பக்கம் முழுவதும் எழுதினேன். கடைசி வரி இன்னும் ஞாபகம் இருக்கிறது: 'மருத்துவரின் மறுப்பை விவாதத்தில் முறியடித்து இம்மருந்தைப் பெறுகிறோம்.'

ஐந்து முப்பத்தொன்றுக்கு மருந்து ஏற ஆரம்பித்தது. ஒன்பது நிமிஷம் மிச்சம்! நான் அந்த வாசலில் கைதட்டாத குறை. டாக்டர் போகும்போது திரும்பிப் பார்த்து, "வாதத்துல ஜெயிச்சுட்டீங்கம்மா. மருந்துக்கு அது தெரியணுமே" என்றார். தோற்றவர்கள் அப்படித்தான் எதையாவது சொல்லிவிட்டுப் போவார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் அநியாயம். கேளுங்க.

முதுகில் கம்பி வைத்து ஆபரேஷன் நன்றாகவே செய்தார்கள். அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் வாழ்நாளில் சர்க்கரையே இல்லாத மனிதருக்கு இரண்டாம் நாளே சர்க்கரை நானூறைத் தாண்டியது. ஐந்தாம் நாள் கறுப்பாக வாந்தி எடுத்தார், வயிற்றுக்குள் ரத்தக் கசிவு என்றார்கள். அடுத்து நெஞ்சில் கிருமி. வார்டுக்குப் போக வேண்டியவர் பதினொரு நாள் கூடுதலாகத் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே கிடந்தார். இன்சுலினுக்குப் பில். ரத்தத்துக்குப் பில். நெஞ்சுக்குப் பில். அந்த டாக்டர் சொன்ன மூன்றும் அப்படியே, சொன்ன வரிசை மாறாமல் நடக்கிறது! முன்கூட்டியே இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கிறது என்றால், பிறகு நடக்கவிட்டது யார் குற்றம்? எச்சரித்தாராம். எச்சரித்துவிட்டுச் செய்தால் அது தெரிந்தே செய்ததாகாதா? முப்பத்தொன்றாம் பக்கத்தில் கேட்டிருக்கிறேன். இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

என்ன அக்கா பார்க்கிறீங்க? நான் கேட்டதால்தானே போட்டார்கள் என்றா? நான் கேட்டது ஊசியை. சர்க்கரையை நான் கேட்டேனா?

இன்சூரன்ஸ்காரர்கள் ஆபரேஷனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஊசிக்கும் அந்தப் பதினொரு நாளுக்கும் கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். பதிவேட்டில் விழுந்த நேரம் ஏழே முக்கால். ஊசி போட்டது ஐந்து முப்பத்தொன்று. கிட்டத்தட்ட பத்து மணி நேரம் கழித்துப் போட்ட மருந்துக்கும் அதனால் வந்த தொந்தரவுக்கும் நாங்கள் பொறுப்பல்ல என்று கடிதம். ஆஸ்பத்திரியும் அதையே வழிமொழிந்து ஒரு கடிதம். நாலரை லட்சம் அக்கா. ஒரு லோடுகூட ஏற்றாத வண்டியை, முகப்பில் அத்தை பெயர் காய்வதற்குள், ஈரோட்டுக்காரர் ஒருவருக்கு விற்றுத்தான் மாமாவை வெளியே கொண்டுவந்தோம். வாங்கினவர் பெயரை அழித்துவிட்டு அவர் மகள் பெயரை எழுதிக்கொண்டார். அந்த வண்டி இன்றைக்கும் எங்கள் ஊர் டோல்கேட் வழியாகத்தான் போகிறது.

இப்போது மாமா வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடப்பார். லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுக்கிற புக்கிங் ஆபீஸ் ஒன்றில் நாற்காலியில் உட்கார்ந்து போன் எடுக்கிறார். அடுத்தவர் வண்டி, அடுத்தவர் லோடு. அந்த நாலரை லட்சம் வந்தால் முன்பணம் கட்டிப் பழைய வண்டி ஒன்றாவது எடுக்கலாம், ஆள் வைத்து ஓட்டலாம். எல்லாம் அந்த ஒரு நேரத்தில் தொங்குகிறது. ஒன்பது நாற்பது என்று ஆகிவிட்டால் ஊசி எட்டு மணி நேரத்துக்குள் போட்டது. இன்சூரன்ஸ் கொடுத்தே ஆக வேண்டும்.

அப்பாவிடம் எவ்வளவோ போராடினேன். நான்தான் நேரத்தை மாற்றிச் சொன்னேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள் என்றேன். "நான் சொன்ன நேரத்த நானே மாத்தினன்னா, நாளைக்கு எவன் என்றகிட்ட வந்து நேரம் கேப்பான்?" என்றார். போதாததற்கு இப்போது அவருக்கே அது நிஜம் ஆகிவிட்டது. ஏழே முக்காலுக்கு வெயில் எந்தப் பக்கம் அடித்தது என்பது வரைக்கும் சொல்கிறார். ஆறு மாதம் அப்பாவும் நானும் அம்மா வழியாகத்தான் பேசிக்கொண்டோம். சட்னி வேண்டுமா என்பதுகூட அம்மா வழியாக.

வக்கீலிடம் போகாமல் இருப்பேனா? மூன்று பேரைப் பார்த்தேன். மூன்றாவது வக்கீல் நல்லவர், டீ வாங்கிக் கொடுத்தார். ஒப்புதல் படிவத்தின் பின்பக்கத்தைப் பொறுமையாகப் படித்தார். படித்துவிட்டு, "உங்க கேசுக்கு எதிரா இருக்கற ஒரே சாட்சி நீங்கதாம்மா" என்றார். அதனால்தான் நானே வாதாடப்போகிறேன். எனக்கு என்ன பயம்? அந்த டாக்டரை ஒருமுறை ஜெயித்தவள்தானே?

மணி என்ன? நான்கு இருபதா? பாருங்க, இன்னும் வரவில்லை. மாமா அப்படித்தான். தங்கமான மனிதர், ஆனால் ஒரு வார்த்தை பேச மாட்டார். இந்த இரண்டு வருஷமாக வாரா வாரம் அவர் எதிரில் உட்கார்ந்து மனுவைப் படித்துக் காட்டியிருக்கிறேன். ஒரு மறுப்பு, ஒரு திருத்தம், ஒன்றும் கிடையாது. கேட்டுக்கொண்டே இருப்பார். முடித்ததும் "சாப்புட்டியா அம்மிணி?" என்பார். அவ்வளவுதான். அவருக்காகப் பேசவும் ஒரு ஆள் வேண்டாமா?

இருங்க, இருங்க, சத்தம் கேட்டதே. மாமாதான்! வந்துவிட்டது.

போட்டோ இல்லையே. குரல் பதிவு. மூன்று நிமிஷம் நாற்பது விநாடி. மாமாவா? மூன்று நிமிஷமா? கல்யாணத்தில்கூட அவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டார். நீங்களும் கேளுங்க அக்கா, சாட்சிக்கு ஒரு ஆள் இருந்த மாதிரி இருக்கும். சத்தமாக வைக்கிறேன். நான் குறுக்கே பேசமாட்டேன், பேசினாலும் அதற்குக் கேட்காதே.

"அம்மிணி, மாமன் பேசறேன். நீ அனுப்புனது ஏழும் கேட்டேன். பேப்பர், பேனா எல்லாம் எடுத்து வெச்சுட்டு உக்காந்திருக்கறேன். ஒம்பது நாப்பதுன்னு எழுதச் சொல்ற. எழுதறக்கென்ன, எழுதலாம். ஆனா அது ரெண்டாவது தடவ உளுந்தது. மொதத் தடவ உளுந்தது அஞ்சரை மணிக்கு, வெடியால. ஆரும் வரமின்ன நான் மட்டும் பட்டறைக்குப் போனேன். சொந்த வண்டியில்ல? கூட்டம் சேர்றதுக்கு மின்ன கேபின் மேல ஒருக்கா ஏறி உக்காந்து பாக்கோணும்னு ஆச. உக்காந்தேன். நல்லா இருந்துச்சு அம்மிணி. எறங்கறப்ப பனி ஈரத்துல காலு வழுக்கீருச்சு, நடு முதுகு பம்பர்ல அடிச்சுது. எந்திரிச்சு நின்னேன். ரெண்டு காலும் மரத்தாப்பல இருந்துச்சு. செரியாப் போயிரும்னு இருந்துட்டேன். சொன்னா பூசை நின்னு போகுமல்ல, மச்சான் வேற நேரமெல்லாம் பாத்து வெச்சிருக்கறாரு. பொறவு மாலையோட ஏறுனேன், காலு நிக்கல. அவ்வளவுதான். நீ கணக்குப் பாத்தீன்னா உனக்கே தெரியும், நீ பஸ்ஸுல வந்துட்டிருக்கறப்பவே அந்த எட்டு மணி நேரம் முடிஞ்சுபோச்சு. டாக்டரு அன்னைக்கே என்னயக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஆரும் கேக்கல. இப்ப அந்தக் கோர்ட்டம்மா கேட்டிருக்காங்க, அதனால சொல்றேன். அஞ்சரைன்னு எழுதுனா உன்ற கேசு நிக்காதுன்னு எனக்குத் தெரியுது சாமி. ரெண்டு வருசமா தூக்கமில்லாம எழுதியிருக்கற. உனக்காக வேணும்னா இல்லாத நேரத்தையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன், அதுல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா இல்லாத நேரத்தத்தான் எழுதோணும்னா, மச்சான் சொன்ன ஏழே முக்காலையே எழுதீர்றேன் அம்மிணி. அவரு பெரியவரு."